பத்திரத்தில் இல்லாத பாதை

அரக்கு உருகும் வாசனை உங்களுக்குப் பழக்கமா? நேற்றுக் காலையிலிருந்து என் வீடு முழுக்க அந்த வாசனைதான். தெமோதரையில் ரயில் பாதை வேலை செய்யும் ஒருவர், பிடி கழன்ற காட்டுக்கத்தி ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கத்தியைச் சரி பண்ணித் தரச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார். கொஞ்ச நேரம் போனதும் உண்மையான சங்கதி வெளியே வந்தது. வீடு ஒன்று பார்த்திருக்கிறாராம். முன்பணம் கொடுப்பதற்குள் நான் வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

இப்படி வருகிறவர் இவர் முதல் ஆள் இல்லை. வீடு வாங்கப் போகிறவர்கள் என்னைத் தேடி வருவது இந்தப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. நான் கெட்டிக்காரன் என்பதற்காக வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீடு வாங்கி வகையாக மாட்டிக்கொண்டவன் என்று என் பெயர் பதுளைக் கடைவீதி முழுக்கப் பரவியிருக்கிறது. பள்ளத்தில் விழுந்தவனுக்குப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும் அல்லவா?

பிடியின் துளையில் அரக்குத் தூளையும் செங்கல் தூளையும் கலந்து அடைத்து, கத்தியின் வாலைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்கினால் சீறிக்கொண்டு ஒரு புகை வரும். ஐந்து எண்ணுவதற்குள் நேராகப் பிடித்து அழுத்திவிட வேண்டும். தவறினால் கத்தி கோணிக்கொள்ளும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நேற்று இரண்டு தடவை கோணிவிட்டது. வயதாகிவிட்டது. வந்தவர் மரியாதைக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ அந்தப் புகையில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆயுத அறை வந்து நின்றது.

அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டோருக்குப் பின்னால் ஒட்டுத் தாழ்வாரமாக இறக்கிய தகரக் கூரை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்ததும் ஆட்களுக்கு மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி என்று எண்ணிக் கொடுப்பேன். சாயங்காலம் எண்ணி வாங்கி வைப்பேன். இடைப்பட்ட நேரத்தில் உடைந்ததையும் மழுங்கியதையும் சரி பண்ண வேண்டும். இருபது வயதில் அந்த வேலைக்குப் போனேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உடைத்து உடைத்துத்தான் பழகினேன். பிடிக்குக் கொய்யா மரம் நல்லது, ஆப்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈர ஆப்பை அடித்தவன் மறுநாள் மண்வெட்டி பறந்து போவதைப் பார்ப்பான். இதெல்லாம் என் சொந்தக் காயங்களிலிருந்து தெரிந்துகொண்டவை. என் இடது கைக் கட்டைவிரலைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கவ்வாத்துக் காலம் வந்தால் கத்தி தீட்டியே தோள்பட்டை இறங்கிவிடும். அது போதாதென்று லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் தங்கள் சாமான்களையும் கொண்டுவந்து குவிப்பார்கள். குடைக் கம்பி, விளக்கு மூடி, பித்தளைச் செம்பின் ஓட்டை. ஒரு வருஷம் காமன் கூத்துக்கு ரதியின் கிரீடத்தைக்கூட அரக்கு வைத்து ஒட்டிக் கொடுத்தேன். ஆட்டத்தின் நடுவில் அது பாதியாகப் பிளந்து, ரதி வேஷம் கட்டியவன் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டே ஆடினான். அப்படியும் என் பெருமைக்குக் குறைவில்லை. எது கெட்டாலும் என் கையால் சரியாகிவிடும் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதை நான் நம்பினேன். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்த நம்பிக்கைதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

என் மனைவி வீராயி கொழுந்து எடுத்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. லயத்தில் எங்கள் அறை கடைசியிலிருந்து மூன்றாவது. லயத்து அறையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே கதவு. முன்னால் வந்து முன்னாலேயே போக வேண்டும். பின்பக்கம் சுவர், அந்தச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். அடுப்புப் புகையும் அந்த ஒரு கதவு வழியாகத்தான் போகும், மனுஷரும் அந்த வழியாகத்தான்.

ஒரு மழைக் காலத்தில் வீராயிக்குக் காய்ச்சல். பெரட்டுக்குப் போகவில்லை. கங்காணி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை, பெரிதாகத் திட்டவும் இல்லை. அவள் எழுந்து கூடையை எடுக்கும் வரைக்கும் அப்படியே நின்றார், அவ்வளவுதான். நான் அப்போது ஆயுத அறையில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது அவள் நனைந்த சேலையோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மனுசன் வாசல்ல நின்னா எனக்குப் போக வேற வழி இல்லீங்க. பின்னால ஒரு கதவு வச்ச வீடு வேணும். ஒரு நாளாச்சும் அப்படி ஒரு வீட்டுல இருக்கணும்" என்றாள்.

சேலை வேண்டும், தோடு வேண்டும் என்று கேட்டவள் இல்லை. அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். அதுவும், கால் நன்றாக இருக்கும்போதே வேண்டும் என்றாள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கி அப்போதே அவளுக்கு முட்டி வலி தொடங்கியிருந்தது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் அறையும் போய்விடும். அதற்குள் நமக்கென்று ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்கும் பட்டது.

வருஷக்கணக்கில் சேர்த்தோம். அந்தக் கணக்கெல்லாம் இப்போது எதற்கு? கடைசியில் பதுளை ஓரத்தில், ஓடைக்கு மேலே சரிவில் ஒரு வீடு அமைந்தது. விற்கிறவர் டவுனில் இருந்தவர், குடும்பத்தோடு கண்டிப் பக்கம் போவதாக இருந்தார். ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த வெறும் காணியும் அவருடையதுதான். அதன் குறுக்கே நடந்துதான் வீட்டுக்குப் போனோம். இருபது காலடி இருக்கும்.

நான் அந்த வீட்டைச் சோதித்த சோதனையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சுத்தியல், குத்தூசி, தூக்குநூல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரிப் போனேன். நிலைக்கதவின் காலடியில் குத்திப் பார்த்தேன், கறையான் அங்கேதான் ஏறும். கைமரம் ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தம் கேட்டேன். கூரையில் ஆள் ஏற்றி மூன்று குடம் தண்ணீர் ஊற்ற வைத்து, உள்ளே நின்று சொட்டு விழுகிறதா என்று பார்த்தேன். சுவரில் நூல் விட்டுப் பார்த்தேன். கீலுக்கு எண்ணெய் போட்டேன். பூட்டைக் கழற்றி, துருவை அரத்தால் தேய்த்து, அங்கேயே மறுபடி மாட்டினேன். விற்கிறவர் களைத்துப்போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

வீராயி ஒன்றையும் தட்டவில்லை. நேரே உள்ளே போய்ப் பின்கதவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "இந்தக் கதவு எங்க போகுது?" என்று கேட்டாள். ஓடைக்குப் போகிறது, சரிவு கொஞ்சம் செங்குத்து, அந்தப் பக்கம் யாரும் நடப்பதில்லை என்றார் அவர். அவளுக்கு அது போதுமாக இருந்தது. முன்கதவு எங்கே போகிறது என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

பத்திரம் இங்கிலீசில் இருந்தது. கோர்ட்டு வாசலில் மனு எழுதும் கிழவர் ஒருவர் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே இன்னார் காணி, வடக்கே விற்பவரின் மீதிக் காணி, தெற்கே ஓடை. எல்லாம் சரிதானா என்று கேட்டார். நாலு பக்கமும் ஆள் பெயர், ஓடை என்று ஏதாவது ஒன்று இருக்கிறது, ரொம்ப நல்லது, பாதுகாப்பாக இருக்கும் என்றேன். கிழவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் இந்தத் தப்பு வரும். டவுன்காரனுக்கு வராது. எங்களுக்கு எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். லயம், செடி, பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீர், எல்லாம். ஆனால் பாதையை மட்டும் யாரும் யாருடையது என்று கேட்டதில்லை. மலைக்கு மலை நூறு ஒற்றையடிப் பாதை. எவனோ நடந்தான், பாதை விழுந்தது, நாமும் நடந்தோம். பாதையை விலைக்கு வாங்க வேண்டும், காகிதத்தில் எழுத வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

முதல் வருஷம் சுகமாகப் போனது. நான் தினமும் நடந்து ஸ்பிரிங்வெளிக்கு வேலைக்குப் போய் வந்தேன். வீராயி கொழுந்தை விட்டுவிட்டாள். பின்கதவுப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் முன்னால் இருந்த காணியைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சுப்பையா பிள்ளை வாங்கினார். நல்ல மனுஷர். தேங்காய் பழத்தோடு வீட்டுக்கு வந்து, பக்கத்தில் இருக்கப் போகிறோம் என்று பேசிவிட்டுப் போனார். கிடங்கு ஒன்று கட்டினார். கட்டுகிற சாமான் களவு போகத் தொடங்கியது. அதனால் சுற்றி வேலி அடைத்து, ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன வாயில் வைத்துப் பூட்டுப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் முன்கதவைத் திறந்தபோது எதிரே வேலிதான் நின்றது.

போய்க் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது தப்பு, சண்டைக்குப் போன மாதிரிப் போனேன். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"பத்திரத்துல பாதை எங்க இருக்கு, காட்டுங்க பாஸ்" என்றார். பதுளையில் கைவேலைக்காரன் யாராக இருந்தாலும் பாஸ்தான். "நான் முழுக் காணிக்கும் விலை குடுத்து வாங்கினவன். லயத்துல இருந்தவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுதான், அது உங்க குத்தம் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை வந்து தைத்துவிட்டது. அவர் குத்திக்காட்டச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திரும்பி வந்துவிட்டேன். மனு எழுதும் கிழவர், வழக்குப் போடு, வீட்டுக்குப் போக வழியில்லாமல் அடைக்க எந்தச் சட்டமும் விடாது என்றார். வழக்குக்குப் போக எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. வீராயி வேறு மாதிரிச் சொன்னாள். கோபம் ஆறட்டும், போய்ப் பணிவாக ஒரு வார்த்தை கேளுங்கள், பூட்டுக்கு ஒரு சாவி கொடுத்தால் போதுமே என்றாள். என்னை லயத்தான் என்று சொன்னவன் வாசலில் போய் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எது கெட்டாலும் கையால் சரி பண்ணுகிறவன் அல்லவா நான்? அலவாங்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

ஒரு வெயில் காலம் முழுக்க அந்தச் சரிவில் படி வெட்டினேன். பாறை வந்த இடத்தில் அலவாங்கால் நெம்பி, மண் வந்த இடத்தில் மரக்கட்டை பதித்து, ஓடைக் கரை வரைக்கும் எண்பத்தேழு படி. ஓடைக் கரையோடு சுற்றிப் போனால் ரோடு. இருபது காலடியில் போன இடத்துக்கு அரை மணி நேரம். முதல் ஐப்பசி மழைக்கே முப்பது படி கரைந்து போயிற்று. மறுபடி வெட்டினேன். அடுத்த வருஷமும் வெட்டினேன். இப்படியே எத்தனை வருஷம்! தோட்டத்து வேலை முடிந்து வந்து, மிச்ச வெளிச்சத்தில் படியைச் சரி பண்ணுவேன். அலுத்துவிட்டது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது.

முன்கதவுக்குக் குறுக்கே விறகை அடுக்கினோம். வீராயி அரிசியும் தண்ணீரும் சுமந்து ஏறினாள். முணுமுணுக்க மாட்டாள். ஒரு நாள் மட்டும் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "லயத்துல ஒரு கதவு. இங்க ரெண்டு கதவு இருந்தும் ஒண்ணுதான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் முட்டி வீங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன்.

அவளுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது நமுனுகுலத் தோட்டத்து லயத்தில் இருந்த ஒரு அக்காதான். ஒரு நாள் காலை ஓடைக் கரையில் நின்று ஒரு ஆள் கூப்பிட்டான். அக்கா போய்விட்டாள், சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள், ரோட்டில் மாட்டு வண்டி நிற்கிறது, உடனே வாருங்கள் என்று கத்திவிட்டுப் போனான்.

வீராயி அழுதுகொண்டே படி இறங்கினாள். முந்தின நாள் மழையில் படிகள் வழுக்கலாக இருந்தன. நான் மண்வெட்டியோடு முன்னால் போய் ஒவ்வொரு படியாகச் சீவி வைத்தேன். பன்னிரண்டு படி இறங்கினாள். அதற்கு மேல் முட்டி மடங்கவில்லை. ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிப் பார்த்தேன், இருவரும் சேர்ந்து விழப் பார்த்தோம். உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் திரும்பி மேலே வேலியைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளை கிடங்கைத் திறந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

அவள் எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன் மாதிரி, "அடுத்த படியையும் சீவிட்டேன், மெதுவா இறங்கலாம்" என்றேன். அவள் கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறி வீட்டுக்குள் போய்விட்டாள். அக்காவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு அந்த வீட்டை விட்டு அவள் இறங்கவே இல்லை.

பிறகு ரயில் பதுளைக்கு வரப் போகிறது என்று அளவுக்காரர்கள் வந்தார்கள். கொடி நட்டார்கள், சங்கிலி பிடித்தார்கள். ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டுக்காக முன்னால் இருந்த காணியை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையின் கிடங்கை இடித்தார்கள், வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். நான் விறகை எடுத்துவிட்டு முன்கதவைத் திறந்தேன். கீல் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டித் தட்டித் திறக்க ஒரு நாள் ஆயிற்று.

பிள்ளை கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு இந்தியாவுக்கே போகிறவராக, சொல்லிக்கொள்ள வந்தார். கிழவராகியிருந்தார். நானும்தான். உள்ளே வரவில்லை, வாசல்படியில் உட்கார்ந்தார். ரயிலைப் பற்றி, துணி விலையைப் பற்றிப் பேசினோம். எழுந்து போகிற நேரத்தில் அவராகவே சொன்னார்.

"சாமான் களவு போன எரிச்சல்ல அடைச்ச வேலி பாஸ் அது. கோபம் ஆறி ஒரு வாரத்துல மறுபடி வந்து கேப்பீங்கன்னு ரெண்டாவது சாவி ஒண்ணு வெட்டி வச்சிருந்தேன். நீங்க திரும்பி வரவே இல்ல. படி வெட்டுறதப் பாத்ததும், இந்த மனுசனுக்கு நம்ம பாதை வேணாம் போலன்னு நானும் விட்டுட்டேன்."

ஏதோ சொல்லி அனுப்பி வைத்தேன். வீராயி உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். மறுநாள் காலை கஞ்சியை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா செத்த அன்னிக்காவது கேட்டிருக்கலாங்க."

அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தாள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. தினமும் அவளைத் தாங்கிக் கொண்டுவந்து முன்வாசலில் உட்கார வைப்பேன். புது ரோட்டில் போகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை கால் எடுத்து வைத்துப் பார்க்கிறாயா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளையும் ஊரில் காலமாகிவிட்டதாகக் கடையில் சொன்னார்கள். கிடங்கு நின்ற இடத்தில் இப்போது ரோடு. பின்பக்கப் படிகளைக் காடு மூடிவிட்டது. எந்தப் படி எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் என் வீட்டு வாசலுக்கு வந்து போகலாம். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது, கேட்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை, மன்னித்துக்கொள் என்று கேட்க நாலு மாதம் இருந்தது. கட்டிலின் ஆடுகிற காலுக்கு ஆப்பு அடித்துக் கொடுத்தேன், அவள் ஊன்றி நடக்கக் கம்பு செதுக்கிக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்கவில்லை.